பெரியாயி கொண்டுவந்த வழக்கு

அப்புத்தளையில் சட்டத்தரணி கஜேந்திரனின் அலுவலகத்துக்கு ஒரு காலையில் பெரியாயி வந்தாள். தோட்டத்து மண்சரிவில் இறந்துபோனதாகப் பதியப்பட்டவள். அவளுடைய மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவரே கஜேந்திரன்தான்.

"தப்பிச்சிட்டீங்களா? அப்ப சான்றிதழை ரத்துப் பண்ணணுமே" என்றார்.

"வேணாங்க, அது சரிதான். ஆனா என் பேர்ல பொதைச்சிருக்கிறது நான் இல்ல. அடுத்த வீட்டு ஜீவராணி. என் சீலையக் கட்டியிருந்தா, அதான் மாறிப்போச்சு. அவ புருசன் இன்னும் மண்ணத் தோண்டிக்கிட்டே இருக்காரு. பாக்க முடியலீங்க."

"அப்ப நீங்க?"

"நான் எங்க லயத்து வீட்டுக்கு அடியில, மண்ணுக்குள்ளதாங்க இருக்கேன். என்னையத் தேட ஆளில்ல."

கஜேந்திரன் பேனாவை எடுத்தார். அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். அவள் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

ஜீவராணியின் கணவர் ஜெயகுமார் பெயரில் அவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பெரியாயி பெயரிலிருந்த குழியைத் தோண்டி, உடலை ஜீவராணியின் மகளின் இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அது ஜீவராணிதான். ஜெயகுமார் மண்வெட்டியை வைத்துவிட்டு மனைவிக்குக் கருமாதி செய்தார்.

"எப்படிங்க சார் தெரிஞ்சிச்சு?" என்று கஜேந்திரனிடம் கேட்டார்.

"ஒருத்தங்க வந்து சொன்னாங்க."

மறுநாள் காலையில் கடும் பனிமூட்டம். அலுவலகப் படிகளிலிருந்து கீழே ரோடு வரை ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

"பெரியாயிதாங்க சொல்லி அனுப்புச்சு" என்றார் முன்னால் நின்றவர். "எங்க பேரு எந்த லிஸ்ட்டுலயும் இல்லீங்க."

கஜேந்திரன் கதவைத் திறந்தார். "ஒவ்வொருத்தரா வாங்க" என்றார். அந்தக் குளிரில் அவருடைய மூச்சு மட்டும் வெள்ளையாகப் புகைந்தது.