சோடாக் கடையில் எஃபர்வெஸ்

நகரியில் சோடாக் கடையின் பச்சைப் புட்டிகளுக்குள் மதிய வெயில் இறங்கித் தூங்குகிறது. ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் நடுவே கோடு போடும் அதிகாரியின் ஜீப் சற்று நேரத்தில் இந்த வழியே போகும். கோடு விழுந்தால் குடியானவன் கன்னையாவின் வீடு இந்தப் பக்கம், கிணறு அந்தப் பக்கம். ஜீப்பை மறித்து நீட்ட இங்கிலீஷில் மனு எழுதித் தர உட்கார்ந்த வக்கீல் பாஷ்யம், ‘ஜனங்கள் எஃபர்வெஸ் ஆகிறார்கள்’ என்ற முதல் வரியிலேயே பேனாவை மூடிவிட்டு, அந்தச் சொல்லின் பூர்வீகத்துக்குக் குடிபோய்விட்டார். “லத்தீன்ல எஃபர்வெஸ்கெரே. கொதிக்கறதுன்னு அர்த்தம். மனுஷாளுக்குச் சொல்லலாம், சோடாவுக்குச் சொல்லலாம், பாலுக்கு மட்டும் சொல்லப்படாது. பாரு!” ஒரு புட்டியை எடுத்து அதன் கோலியைக் கட்டைவிரலால் அமுக்குகிறார். கீச்சென்ற ஒலியோடு குமிழிகள் ஆளுக்கொரு துளி வெயிலைத் தூக்கிக்கொண்டு மேலே மேலே மிதக்கின்றன. கன்னையா கிணற்றையே மறந்து வாய் பிளந்து பார்க்கிறான். தூரத்தில் இன்ஜின் உறுமுகிறது. “சாமி, ஜீப்பு வந்துக்கினு கீது. கெணறு எழுதிட்டீங்களா?” “அடுத்த வாக்கியம் அதுதான்.” ஜீப் வருகிறது, போகிறது. புழுதி அவசரமில்லாமல் இறங்கிப் புட்டியின் வாயில் படிகிறது. உள்ளே ஒரு குமிழிகூட இல்லை. “அடங்கிப் போனதுக்கு இங்கிலீஷ்ல இன்னா சாமி?” என்கிறான் கன்னையா. பாஷ்யத்தின் முகம் மலர்கிறது. அதற்கும் லத்தீன் இருக்கிறது.