வாங்கினபடியே

வியாசர்பாடி எட்வின் கால்பந்து ஆடிய காலத்தில், ஆறு கிளப்புகளுக்கு லோனில், அதாவது இரவல் ஆட்டக்காரனாக, போய், ஏழாவதில் முட்டி உடைந்து திரும்பியவன். அந்நாளில் தன் ஏஜென்டை வாயாரத் திட்டுவான். இப்போது அவனே ஏஜென்ட். ஆட்டக்காரர்களைத் தேடி மைதானம் மைதானமாக அலைவதெல்லாம் பழைய கதை. எட்வின் நேராக வளைகாப்புக்குப் போய்விடுகிறான். வயிற்றில் கை வைத்தாலே போதும், உதைப்பது இடது காலா வலது காலா என்று சொல்லிவிடுவான்.

மேகலாவின் வயிற்றிலிருந்தது இடது கால். ஏழாம் மாதமே ஒரு கிளப்போடு ஒப்பந்தம் கையெழுத்தானது. கிளப்புகள் ஆள் எடுக்கும் கெடு வெள்ளியோடு தீர்வதால், ஜோசியர் குறித்த ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிவிட்டு, வியாழனன்றே சிசேரியன் செய்தார்கள்.

எட்வின் ஆஸ்பத்திரிக்கு வந்து பிஞ்சுப் பாதத்தை அளந்து பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அஞ்சு வயசு வரைக்கும் உங்ககிட்டயே லோன்ல இருப்பான்மா."

மேகலா பதறினாள். "நாங்க எந்த லோனும் வாங்கலையேண்ணா."

"பணம் இல்லம்மா. கிளப்பு உங்களுக்குப் புள்ளைய லோன்ல விடுது."

அவள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"காலை மட்டும் இறுக்காதீங்கம்மா," என்றான் எட்வின், தன் முட்டியைத் தேய்த்தபடி. "வாங்கினபடியே திருப்பிக் குடுக்கணும்."