இரண்டு தட்டு

விரலில் நூல் இருந்தது. குனிந்து பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

மணப்பாடு கடற்கரை. காலை ஏழு மணி. நான்கு குடும்பங்கள் கணுக்கால் தண்ணீரில் தூண்டில் கம்போடு நின்றன. அவர்களில் ஒருவரும் அதுவரை ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை.

சொல்லிக்கொடுக்க வந்த மீனவர் இன்னாசிக்கு அவள் வயதுதான் இருக்கும்.

"அலை இழுத்தா ஒரே இழுப்பா இழுக்கும். மீன் அப்படியில்ல. டுக் டுக்குன்னு ரெண்டு தட்டு தட்டும். நூல்ல விரல வச்சுக்கிடுங்க, தெரிஞ்சிரும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

ஒரு கம்புக்கு இரண்டு பேர். அம்மா கம்பைப் பிடித்து, நூலில் விரல் வைத்துச் சொல்ல வேண்டும். மகள் ரீலைச் சுற்ற வேண்டும். அதுதான் ஏற்பாடு.

தாமிராவுக்கு அப்பாவோடு சேரத்தான் ஆசை. ஏழு வயது, முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. அப்பாக்காரரோ அந்தக் கோடியில் தன் நூலைத் தன் காலிலேயே சுற்றிக்கொண்டு, அதைப் பிரிப்பதா கம்பைப் பிடிப்பதா என்று நின்றிருந்தார்.

சித்திரையிலிருந்தே அப்படித்தான். குழந்தை அவள் கையைப் பிடிப்பதில்லை.

மதுரையில் அழகரைப் பார்க்கப் போன கூட்டம். கையில் பிள்ளை இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவள் பத்தடி நடந்துவிட்டாள். கை எப்போது நழுவியதோ. திரும்பினால், ஆட்களின் கால்களுக்கு நடுவே தாமிரா நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"நீ என் கைய விட்டுட்ட!"

புற்றுக்கு ஏற்றிய மருந்து நோயைக் கொண்டுபோனது. போகிற போக்கில் விரல்களின் உணர்வையும் கொண்டுபோய்விட்டது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அதைக் குழந்தையிடம் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் முடிவெடுத்தாள். ஒன்றரை வருடம் ஆஸ்பத்திரியைப் பார்த்த பிள்ளை. இனியாவது அம்மா முழுசாகத் திரும்பி வந்துவிட்டாள் என்று நம்பட்டுமே.

ரீலைச் சுற்றிப் பார்த்தார்கள். தூண்டில் முள்ளில் குத்தியிருந்த இறால் இல்லை; மீன் தட்டித் தின்றுவிட்டுப் போயிருந்தது.

மறுபடி இறால் குத்தி, இன்னாசி வீசிக் கொடுத்தார். மறுபடி வெறும் முள்.

பக்கத்தில் ஒரு பையன் மீன் பிடித்துவிட்டு "ஐயோ ஐயோ" என்று குதித்தான். தாமிரா அவனைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

மூன்றாவது தடவையும் வெறும் முள்தான்.

"உனக்கு என்மேல கவனமே இல்லம்மா."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இன்னாசி நாலாவது இறாலோடு வந்தார். வந்தவர் நின்றுவிட்டார்.

"யக்கா, கையப் பாருங்க."

நூல் அறுத்து, விரலிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. அவளுக்குத் தெரியவேயில்லை. கையைப் பின்னால் மறைக்கப் போனாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டரை எடுத்து ஒட்டினார்.

"ஐஸ்ல மீன் அள்ளி அள்ளி எங்க கையும் இப்பிடித்தான் மரத்துப்போவும். அப்ப நாங்க நூல ஒதட்டுல வைப்போம்."

தூண்டிலை வீசிவிட்டுக் கம்பை அவளிடம் தந்தார். ரீலுக்கு மேலே விறைத்து நின்ற நூலைக் காட்டினார். "சும்மா லேசா. முட்டுனாப் போதும்."

நாலு பேர் பார்க்கிற இடத்தில் இது என்ன கூத்து! இருந்தாலும் குனிந்தாள். நூல் கீழுதட்டில் பட்டது.

உப்பு.

அலை ஒன்று வந்தது. ஒரே இழுப்பாக இழுத்தது. தெரிந்தது!

இன்னொரு அலை. அதுவும் தெரிந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, பாழாய்ப்போன கண்.

டுக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

டுக்.

"சுத்துடி!"

தாமிரா சுற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். நுரைக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று துள்ளி வந்து மணலில் விழுந்தது. ஒரு சாண்கூட இல்லாத கிழங்கான் மீன். அதற்குத் தாமிரா போட்ட கூச்சலில் அந்தக் கோடியிலிருந்த அப்பா கம்பைக் கீழே போட்டுவிட்டார்.

கூச்சல் அடங்கியதும் குழந்தை கேட்டாள்.

"எதுக்கும்மா வாயில வச்ச?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

"என் விரலுக்கு எதுவுமே தெரியாதுடா. அந்த மருந்து போட்டதுல அப்பிடி ஆயிருச்சு."

தாமிரா மணலில் துள்ளிய மீனைப் பார்த்தாள்.

"அழகர் பாக்கப் போனோமே, அப்பவும் தெரியலையா?"

"தெரியலடா."

குழந்தை மீனை வாளியில் போட்டாள். கையைப் பாவாடையில் துடைத்தாள்.

வெயில் ஏறியதும் எல்லோரும் வேனை நோக்கி நடந்தார்கள். யாரோ புடவையை இழுப்பது போலிருந்தது. தாமிரா. குனியச் சொன்னாள்.

குனிந்தாள்.

மீன் வாடை அடிக்கும் குட்டி விரல் அவள் உதட்டில் இரண்டு தட்டு தட்டியது.

கீழே பார்த்தாள். அவளுடைய கைக்குள் மகளின் இன்னொரு கை இருந்தது.

மணல் முழுக்க அப்படியே நடந்தார்கள். அவள் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

வேனின் படி உயரம். ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்தாக வேண்டும். தாமிரா மறுபடியும் புடவையை இழுத்தாள்.

இந்த முறை உதட்டில் ஒரே ஒரு தட்டு.

"விடப்போறேன்மா," என்றாள்.