நாள் முடிந்த பிரைமர்

"வேணாங்கக்கா! இதுக்கு நாள் முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. குப்பைக்குன்னு ஒதுக்கி வச்சதைப் போய் எடுக்குறீங்களே!"

ஹஸீப் முதலாளி பதறினார். அடியில் 2023 என்று கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்த அந்த ஸ்பிரே டின்னை மெட்டில்டா விடவில்லை. எஹலியகொடயில் அவருடைய ஹார்ட்வெயார் கடை வாசலில், வெள்ளத்தில் நனைந்த சாமான் குவியலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"குப்பைக்குப் போறதைத்தானே கேக்குறேன், முதலாளி?"

"இது பிரைமர், அக்கா. பழசானா கட்டி கட்டியாத் துப்பும். கதவு, கேட்டுன்னா பரவால்ல. உங்க சுரூபம் விரலளவுதானே? மூக்கு முழியெல்லாம் மூடிப் போயிரும்."

அது அவளுக்கும் தெரியும். மழையில் ரப்பர் தோட்டத்துக் கோயில் கூரை ஒழுகி, பாலன் குடில் சுரூபங்களின் சாயமெல்லாம் உரிந்து கிடந்தது. நத்தார்ப் பெருநாளுக்கு இன்னும் மூன்றே நாள். "நான் தீட்டித் தர்றேங்க ஃபாதர்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். முதலில் பிரைமர் அடிக்காவிட்டால் களிமண்ணில் சாயம் நிற்காது.

ஹஸீப் மேல்தட்டிலிருந்து ஒரு டின்னை எடுத்து நீட்டினார். "இந்தாங்க, புதுசு. சும்மா கொண்டு போங்க."

"வைங்க அதை! பாதிக் கடை தண்ணியில போச்சு. மிஞ்சினதையும் தூக்கிக் குடுத்துட்டு, புள்ளைங்களுக்கு என்னத்தைக் காய்ச்சி ஊத்துவீங்க?"

"பெருநாளுக்குத்தானேக்கா கேக்குறீங்க."

"பெருநாளுக்குத்தான். அதுக்காக இன்னொருத்தர் வயித்துல அடிக்கவா? இதைக் குடுத்தாக் குடுங்க. இல்லாட்டி சுண்ணாம்பைப் பூசிக்கிறேன்."

ஹஸீப் அவள் முகத்தைப் பார்த்தார். மசிகிற முகமாக இல்லை.

"சரி, அதை இங்க குடுங்க. வெதுவெதுப்பான தண்ணியில வச்சுக் குலுக்கிப் பாக்குறேன், உசுரு இருக்கான்னு."

உள்ளே போனவர் திரும்பிவரக் கால் மணி நேரமானது. சேறெல்லாம் துடைத்து டின்னைக் கொண்டுவந்தார். மெட்டில்டா விட்டாளா? டின்னைக் கவிழ்த்து, அடியிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். 2023. அதே தேதிதான்.

"என்னை நம்ப மாட்டீங்களே!"

"உங்களை நம்புவேன். உங்க மனசைத்தான் நம்ப முடியாது" என்று சிரித்தபடி பஸ் ஏறினாள்.

வீட்டில் முதலில் ஒரு பழைய கரண்டியில் அடித்துப் பார்த்தாள். ஒரு கட்டி இல்லை. வெட்டின ரப்பர் பால் மாதிரி வழவழவென்று படிந்தது.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் புஷ்பத்துக்கு ஆச்சரியம். "அப்ப இந்தத் தேதியெல்லாம் சும்மாதானாக்கா?"

"ஆண்டவர் நெனச்சா தேதி என்னடி செய்யும்?"

மூன்றாம் நாள் பின்னேரம் சூசையப்பர், மாதா, இடையர், ஆடு என்று எல்லாச் சுரூபங்களும் முகம் துலங்கக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தன.

கை கழுவிவிட்டு வந்து, காலி டின்னை ஒதுக்க எடுத்தாள் மெட்டில்டா. ஈரவிரலோடு ஸ்டிக்கர் கழன்று வந்தது.

அதற்கு அடியில், கம்பெனிக்காரன் டின்னிலேயே அச்சடித்திருந்த தேதி: 2028.