பண்டகசாலைக்குள் கடல்

“கடல்தான் வாசல்லயே கிடக்கே. அதைக் காட்டுததுக்கு ஒரு கட்டடம் என்னத்துக்கு, தங்கச்சி?”

கேட்டவர் கருப்பட்டி மொத்த வியாபாரி சிவசண்முகம் பிள்ளை. கேட்டது ஒரு பச்சைத் திரையைப் பார்த்து. திரைக்குப் பின்னால் மீராள் பீவி உட்கார்ந்திருந்தாள்.

தில்லி தர்பார் நடந்த 1911ஆம் வருஷம் அது. பீவியின் கணவர் நூகு மரைக்காயர், குலசேகரன்பட்டினத்துக் கடற்பண்ட வியாபாரி, மவுத்தாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சங்கு, பவளம், கடற்பசுவின் எலும்புக்கூடு, கண்ணாடிப் புட்டிகளில் ஊறும் விசித்திர மீன்கள் என்று வீடு நிறையச் சேர்த்துவைத்துவிட்டுப் போயிருந்தார். அவற்றையெல்லாம் கரையிலிருக்கும் தன் பண்டகசாலையில் அடுக்கி ஊருக்குக் காட்ட வேண்டும் என்கிறாள் பீவி. கரையில் எது தொடங்கினாலும் பிள்ளைமார், பரதவர், மரைக்காயர் என்று மூன்று தெருவும் தலையாட்டியாக வேண்டும். தலைகள் மூன்றும் இப்போது அவள் வீட்டுக் கூடத்தில்.

“அண்ணாச்சி, திருச்செந்தூர் வார சனம் முருகனைக் கும்பிட்டதும் வண்டியைப் பூட்டி ஊருக்குப் போயிருது. இங்கன பாக்க ஒண்ணு இருந்தா இங்கனயும் வரும். வந்த சனம் கருப்பட்டியை உங்ககிட்ட வாங்காம எங்கிட்டயா வாங்கும்?”

பிள்ளை வெற்றிலைச் சாற்றை விழுங்கினார். “அதுக்கில்ல… செத்த மீனையெல்லாம் போய்ப் பாக்கணுமான்னு எங்க தெருவுல கேப்பாங்க.”

“திங்கவா சொல்லுதேன்? பாக்கத்தானே.”

பரதவர் தெருப் பெரியவர் கிருபைராஜ் சிரித்தார். “நாங்க வலையிலேருந்து எடுத்து வீசுததைப் புட்டியில போட்டா அதிசயம் ஆயிருமாக்கும். எங்க தெருவுலேருந்து ஒரு செதிள் தரமாட்டோம்மா.”

“வேண்டாம், அண்ணே. ரம்பம் மாதிரி பல்லு வச்ச வேளாச்சுறாக் கொம்பு ஒண்ணு தாரோம்னு பக்கத்து ஊரு மணப்பாட்டுலேருந்து சொல்லிவிட்டிருக்காக. வாசல்லயே மாட்டி, அவுக ஊர்ப் பேரைக் கீழ எழுதிப்போடுதேன்.”

கிருபைராஜின் சிரிப்பு நின்றது. “மணப்பாட்டுக்காரன் கொம்பு நம்ம ஊர் வாசல்லயா? அதைவிட ஒரு முழம் நீளமா எங்க வீட்டுல கிடக்கு.”

“அப்ப கொண்டாங்க.”

மிஞ்சியவர் கொழுந்தன் முகம்மது சுல்தான். ஜமாத்தில் அவர் சொல்லுக்கு எடை அதிகம்.

“மதினி, கடைத்தெருவுல என் மாடிக் கட்டடம் சும்மா கிடக்கு. அதை எடுத்துக்கிடுங்க. பதிலுக்குப் பண்டகசாலையை எனக்குத் தாங்க. உப்புக்காத்துல உங்க எலும்புக்கூடு ரெண்டு மழைக்குத் தாங்காது.”

நல்ல பேரம். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கே நாக்கில் நீர் ஊறியது.

“கரையிலதான், தம்பி.”

“அதான் ஏன்னு கேக்கேன்.”

“கரையில இல்லன்னா எங்கயும் வேண்டாம். எல்லாத்தையும் மணப்பாட்டுக்கே வண்டி ஏத்திவிட்டிருதேன். உங்க அண்ணன் பேரும் அந்த வண்டியிலயே போகட்டும்.”

“பொம்பளைப் பிடிவாதம் பிடிக்கிய, மதினி.”

“வியாபாரிப் பிடிவாதம். உங்க அண்ணன்கிட்ட படிச்சது.”

“ஊர் சம்மதிக்கலன்னா?”

“வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிஞ்சதும் நானே ஆள் விட்டுக் கதவைத் திறப்பேன். பூட்டுததுக்கு உங்கள்ல யாரு வாரியன்னு பாக்கேன்.”

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். திரைக்கு முகம் இல்லாததால் எதிராளி எவ்வளவு இறங்குவார் என்று கணக்குப் போட முடியவில்லை. முகம்மது சுல்தான் பைய தலையை ஆட்டினார். மற்ற இரண்டு தலைகளும் ஆடின.

“இன்னொண்ணு,” என்றது திரை. “வாரத்துல மூணு நாள் பெண்களுக்கு. அன்னைக்குக் கரையில ஆம்பளை நடமாட்டம் இருக்கப்படாது.”

“மூணு நாளா?” கிருபைராஜ் எழுந்தேவிட்டார். “வள்ளத்தை உங்க எலும்புக்கூடா தள்ளும்? ஒரு நாள் வேணா எடுத்துக்கிடுங்க. ஞாயித்துக்கிழமை பூசை நாளு, நாங்க கடலுக்குப் போறதில்ல.”

“அப்ப ஞாயித்துக்கிழமை.”

பதில் அத்தனை வேகமாக வந்தது. மூன்றை ஒன்றாக இறக்கிவிட்ட சந்தோஷத்தில் மூவரும் மீசையைத் தடவிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. திரை கட்டிய கூண்டு வண்டிகள் வரிசையாக வந்து பண்டகசாலைக்குள்ளேயே போய் நின்றன. முகம்மது சுல்தானின் மனைவியும் அந்த வரிசையில் இருந்தாள். வண்டிக்காரர்கள் வெளியேறியதும் வாசல் சாத்தப்பட்டது.

நூகு மரைக்காயரின் புட்டிகளை ஒருத்தியும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சரக்கு இறக்குவதற்காகக் கடல் பக்கம் வைத்திருந்த இரட்டைக் கதவை மீராள் பீவி இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள். அந்தக் கரைக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, பேரன் பேத்தியும் எடுத்துவிட்ட அவள், அதுவரை சத்தமாக மட்டுமே தெரிந்திருந்த கடலை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தாள்.