இருபது திரையிலும் சித்தப்பா

இருபது கணினிகளிலும் மணிவேலின் சித்தப்பா ஒரே சமயத்தில் சிரித்தார்.

சிரிக்கக் கூடாத மனுஷன். போன மாதம்தான் அவர் இறந்துவிட்டதாக மணிவேல் விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தான்.

படத்தில் அவர் கல்லங்குறிச்சித் திருவிழாக் கூட்டத்தில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் கைபோட்டபடி மணிவேல். கீழே தேதி வேறு, கொட்டை எழுத்தில். விடுப்பு எடுத்த அதே தேதி.

மணிவேல் அந்தப் பள்ளியின் தற்காலிகக் கணினிப் பயிற்றுநர். பூட்டுவதில் பேர்போனவன். பிள்ளைகள் வால்பேப்பரில் நடிகர்களை வைக்கிறார்கள் என்று அதைப் பூட்டினான். கன்ட்ரோல் பேனலைப் பூட்டினான். ஷட்டவுனையே காணாமல் அடித்தான். வேப்பந்தட்டை வட்டாரத்தில் அவன் ஆய்வகத்தில் மட்டும்தான் மவுஸ் அம்புக்குறிகூட அனுமதி கேட்டு நகரும். ஒரு ஈ கீபோர்டில் உட்கார்ந்து, எதுவும் வேலை செய்யவில்லை என்று கோபித்துக்கொண்டு போனதை அவனே பார்த்திருக்கிறான்.

இன்று மாவட்ட அதிகாரி வருகிறார். இருபதும் ஓடினால்தான் மணிவேலுக்கு அடுத்த வருஷமும் வேலை.

எல்லாத் திரையிலும் பள்ளிக் கட்டடத்தின் படம் இருந்தால் லட்சணமாக இருக்குமே என்று செல்போனைத் தன் மெஷினில் சொருகினான். அவசரத்தில் விரல் ஒரு படம் தள்ளி அமுக்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் என்று கொடுத்தான். பூட்டும் தானாக விழுந்தது, அவன் மெஷின் உட்பட.

திறக்கப் பாஸ்வேர்டு உண்டு. பதினாறு எழுத்து. யாருக்கும் வாயில் நுழையக் கூடாது என்று வைத்தது, அவன் வாயிலும் நுழையவில்லை. கைக்குக் கிடைத்த ஒரு தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தான்.

அதன் முன்பக்கத்தில்தான் பிறகு விடுப்புக் கடிதம் எழுதினான். இப்போது அது தலைமையாசிரியை அனுசுயாவின் பீரோவில் இருக்கிறது. அவன் விடுப்பு எடுத்த அன்று, திருச்சியில் கூட்டம் என்று அவரும் பள்ளிக்கு வரவில்லை.

காலில் வெந்நீர் கொட்டியவன் போல மணிவேல் மெஷினுக்கு மெஷின் ஓடினான். மானிட்டர்களை அணைத்தான். ஓடுவதைப் பார்க்கத்தானே அதிகாரி வருகிறார் என்று மறுபடி போட்டான். சித்தப்பா மறுபடி சிரித்தார்.

கீழே ஜீப் சத்தம். அதற்குள் தலைமையாசிரியை உள்ளே வந்துவிட்டார்.

"யாரு மணிவேல் இது? தவறிட்டாருன்னு எழுதிக் குடுத்தீங்களே, அந்தச் சித்தப்பாவா?"

"ஆமாங்க மேடம். போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எடுத்ததுங்க."

அனுசுயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தார். இன்னும் குனிந்து, சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மூக்கு நுனி மட்டும் வியர்த்தது. விறுவிறுவென்று தன் அறைக்கு இறங்கிப் போனார்.

மெயின் சுவிட்ச் அங்கேதான் இருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி இரண்டு வருஷமாக நீண்ட விடுப்பில் இருக்கிறது.

மணிவேல் அவர் பார்த்த இடத்தைப் பார்த்தான்.

ராட்டினக் குதிரைமேல் ஒரு அம்மாள். அதே கண்ணாடி. கையில் பஞ்சுமிட்டாய்.

இருபது சித்தப்பாக்களும் ஒரே நொடியில் அணைந்தார்கள்.

மாடிப்படியில் அனுசுயாவின் குரல் ஏறி வந்தது. "இந்தப் பக்கம் இதான் சார் தொல்லை, கரண்ட் எப்பப் போகும்னே தெரியாது. இப்பத்தான் இருபதும் ஓடுச்சு, நானே பாத்துட்டு வரேன்."

அதிகாரி கறுத்த திரைகளை வரிசையாகப் பார்த்தார். இருபதும் நல்ல நிலையில் இயங்குவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் மணிவேலின் மேஜையில் ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பின்பக்கம் பதினாறு எழுத்து. முன்பக்கம், கடிதத்தின் ஓரத்தில், தலைமையாசிரியையின் பச்சை மையில் ஒரே வரி.

'ஆழ்ந்த இரங்கல். படத்தை உடனே அழிக்கவும்.'