பால் ஊத்தியாச்சு

‘தொம்.’

செம்பனைக் காட்டுக்குள் எங்கேயோ கனமாக ஏதோ விழுந்தது. ஆளைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், ‘தொம்.’

ரூபினி காரின் கதவுகளை உள்ளுக்குள் பூட்டிக்கொண்டாள். முன்சக்கரம் காற்றிறங்கித் தரையோடு தரையாகக் கிடந்தது. சுங்கைப் பட்டாணிக்குக் குறுக்குவழி என்று இந்தத் தோட்டத்துப் பாதையில் திரும்பிய புத்தியைச் சொல்ல வேண்டும். வானம் வேறு மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

போன வாரம்தான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். பாதையில் ஆணியைப் போட்டுவிட்டு, உதவிக்கு வருகிற மாதிரி வருவார்களாம்.

சத்தம் நின்றது. மரங்களுக்கு நடுவிலிருந்து ஓர் ஆள் வெளியே வந்தான். தோளில் நீளக் கம்பு. அதன் நுனியில் வளைந்த அரிவாள்.

கம்பைக் கால்வாய் ஓரம் கிடத்திவிட்டு, சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து பார்த்தான். “ஆணிதான். இருக்கட்டும், பிடுங்கக் கூடாது,” என்றான். அவ்வளவு சீக்கிரம் எப்படித் தெரிந்தது இவனுக்கு?

மாற்று டயர் இருக்கிறதா என்று கேட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே இல்லை என்று கையை ஆட்டினாள். பின்பெட்டியில் ஒரு போத்தலும் சின்னப் பம்பும் இருப்பதாகச் சைகை காட்டினாள்.

“அது போதும்மா. பின்னால தொறந்து விட்டுட்டு, காடிய ஸ்டார்ட்ல வைங்க.”

பம்பின் வயரைக் காருக்குள் சொருக வேண்டும். கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கினாள். உலகமே இப்படித்தான் வயர் கொடுக்கும் என்பதுபோல அந்தச் சந்து வழியே நீட்டினான்.

அவன் போத்தலைக் குலுக்கிக்கொண்டிருந்தபோது படமெடுத்து, தொழிற்சாலையில் இருந்த கணவன் சசிதரனுக்கு அனுப்பினாள். ‘எனக்கு ஏதாவது ஆனால் இவன்தான்.’ அழைத்தும் பார்த்தாள். சசிதரன் எடுக்கவில்லை.

பம்பு அலறியது. சக்கரம் மெல்ல எழுந்தது.

நேராக மெர்போக் டயர் கடைக்குப் போகச் சொன்னான். மெதுவாக ஓட்ட வேண்டுமாம், வழியில் எங்கேயும் நிறுத்தக் கூடாதாம். பிறகு நாலு எட்டு தள்ளிப்போய் யாருக்கோ போன் போட்டான். மூட மறந்த சந்து வழியாக அவன் குரல் உள்ளே வந்தது.

“பால் ஊத்தியாச்சு, தம்பி. பொம்பள தனியாத்தான் வருது. வழியில நிக்காது. வர்ற வரைக்கும் நீ அங்கயே இரு.”

ரூபினி கண்ணாடியை முழுக்க ஏற்றினாள். மாமனாருக்குப் பால் ஊற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பால் ஊற்றுவது செத்தவர்களுக்குத்தானே?

காரைக் கிளப்பினாள். கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். ஒரு மோட்டார்சைக்கிள்கூட வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பின்னால் வராதவன் முன்னால் ஆள் வைத்திருக்கிறான்.

மெர்போக்கில் பாதி இழுத்துவிட்ட டயர் கடைக் கதவின் முன்னால் நின்று ஒருவன் கையைக் காட்டினான். அவள் நிறுத்தாமல், கூட்டமாக இருந்த பக்கத்துச் சாப்பாட்டுக் கடை வாசலில் போய் நிறுத்தினாள். அவன் ஓடி வந்தான்.

“அக்கா, பரஞ்சோதி அண்ணன் சொன்ன காடி இதுதானே? பால் ஊத்துன டயரு?”

“என்ன பால்?”

அவன் குனிந்து, ஆணியின் ஓரம் கசிந்திருந்ததை விரலில் தொட்டுக் காட்டினான். வெள்ளையாக, கெட்டியாக இருந்தது.

“ஓட்டைய அடைக்கிற மருந்துக்கா. ஓடுனாத்தான் உள்ள பரவிப் பிடிக்கும், நின்னா காத்து இறங்கிடும் லா. அண்ணன் முன்ன ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவரு. வெள்ளையா எது ஒழுகுனாலும் அவருக்குப் பால்தான்.”

சிரித்துக்கொண்டே போன் போட்டான். கை அழுக்கு என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

“அண்ணே, அர்ஷத் பேசுறேன். காடி வந்து சேந்துருச்சு.”

“அப்பாடா. மோட்டார்ல நானே பின்னால வந்திருப்பேன், தம்பி. அந்தப் புள்ள கண்ணாடியத் தொறக்கவே அவ்வளவு பயந்துச்சு. நானும் பின்னால போனா என்னத்துக்கு ஆகும்? வழியில நின்னுட்டா நீ கூப்பிடுவேன்னுதான் ரோட்டோரமே உக்காந்திருந்தேன். சரி, மழைக்குள்ள மிச்சக் குலைய அறுத்துடறேன்.”

ரூபினியின் கையிலிருந்த போன் மினுங்கியது. சசிதரன். ‘அந்த ஆள் இப்ப எங்க இருக்கான்?’

அவள் அர்ஷத்தின் போனைப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் பரஞ்சோதி போனை அணைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஸ்பீக்கரில் முதலில் மழை கேட்டது. பிறகு, ‘தொம்.’